முயல் வளர்ப்பு: வாசகர் கேள்வி, நம் பதில்

கேள்வி: எங்கள் முயல் முதல் முறையாக ஆறு குட்டி போட்டிருக்கிறது. நாள் முழுக்கப் பார்த்தாலும் குட்டிகள் இருக்கும் பெட்டிக்குள் போவதே இல்லை. குட்டிகள் பட்டினி கிடக்காதா?

பதில்: பெரும்பாலும் கிடக்காது. நாய், பூனை போல முயல் குட்டிகளை அணைத்துப் படுத்திருக்காது. ஒரு நாளைக்கு ஒரு தடவை, சில முயல்கள் இரண்டு தடவை, அதுவும் அநேகமாக நீங்கள் தூங்கும் நேரத்தில் உள்ளே போய், மூன்று நான்கு நிமிஷத்தில் பால் கொடுத்துவிட்டு வெளியே குதித்துவிடும். அடிக்கடி போய் வந்தால் குட்டிகள் இருக்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும் என்பதால் வந்த காட்டுப் பழக்கம் இது, கூண்டுக்கு வந்த பிறகும் விடவில்லை.

அதனால் தாயைக் கண்காணிக்க வேண்டாம், குட்டிகளின் வயிற்றைப் பாருங்கள். காலையில் தாய்க்குக் கொஞ்சம் புல்லைப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, பெட்டியில் தாய் தன் உடம்பிலிருந்து பிடுங்கிப் போட்டிருக்கும் முடியை விலக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்: வயிறு உருண்டையாக, தோல் சுருக்கமில்லாமல், எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிச் சூடாகக் கிடந்தால் சரி. வயிறு ஒட்டி, தோல் சுருங்கி, ஓயாமல் நெளிந்துகொண்டே இருந்தால்தான் கவலை. அப்போது தாயைப் பெட்டிக்குள் வைத்துத் தடவிக்கொடுத்தபடி சில நிமிஷம் நிறுத்திப் பாருங்கள். ஓரிரு நாள் வித்தியாசத்தில் குட்டி போட்ட வேறு முயல் இருந்தால், அதனிடம் ஒன்றிரண்டைச் சேர்க்கலாம். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று பயந்து பெட்டியைத் தொடாமலே இருப்பவர்கள் நிறையப் பேர். வீட்டில் பழகிய முயலுக்கு அந்தப் பயம் வேண்டாம், செத்த குட்டி ஒன்று உள்ளேயே கிடப்பதுதான் கெடுதல். அப்புறம், வெளியே விழுந்த குட்டியைத் தாய் கவ்வி எடுத்துப் போகாது. நீங்கள்தான் உள்ளங்கையில் சூடேற்றி உள்ளே வைக்க வேண்டும்.

கேள்வி: ஆண் முயலைப் பெண்ணின் கூண்டில் விட்டேன், கடித்துக் குதறிவிட்டது. ஜோடி சேராதா?

பதில்: மாற்றிச் செய்துவிட்டீர்கள். பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும், தன் இடத்துக்குள் வேறு முயல் நுழைந்தால் பெண் விடாது. பக்கத்திலேயே நின்று பாருங்கள், ஆண் ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தால் காரியம் முடிந்தது, பெண்ணை எடுத்துவிடலாம். சேர்ந்த பிறகு சுமார் 10 மணி நேரத்தில்தான் கருமுட்டையே வெளியாகும் என்பதால் நாள் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. நடுத்தர இனங்களுக்கு 5, 6 மாதம், பெரிய இனங்களுக்கு 8, 9 மாதம் ஆகியிருக்க வேண்டும். சேர்த்த நாளைக் குறித்து வையுங்கள். சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள், 28ஆம் நாள் பெட்டியை வைத்துக் காய்ந்த புல் நிரப்புங்கள். கடும் வெயில் காலத்தில் ஆணின் விந்து கொஞ்ச நாளைக்குப் பலனில்லாமல் போகும், அதற்காக ஆணை மாற்ற வேண்டாம்.

கேள்வி: இரண்டையும் ஒரே கூண்டில் விட்டுவிட்டால் வேலை மிச்சம்தானே?

பதில்: வேலை மிச்சமாகாது, குட்டிதான் மிச்சமாகும். குட்டி போட்ட அன்றே பெண் மறுபடி சினையாகிவிடும். பால் கொடுத்துக்கொண்டே அடுத்த ஈற்றையும் சுமந்தால் உடம்பு தாங்காது. குட்டிகளையும் பத்து வார வாக்கில் ஆண், பெண் பார்த்துப் பிரித்துவிடுங்கள். இவ்வளவு கூண்டுக்கு இடமில்லை என்றால் இனப்பெருக்கமே வேண்டாம், ஒன்றிரண்டை நன்றாக வளருங்கள்.

கேள்வி: நேற்றிரவிலிருந்து முயல் எதுவும் தின்னவில்லை, புழுக்கையும் போடவில்லை. இன்னொரு நாள் பார்க்கலாமா?

பதில்: கூடாது. முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அரை நாள் நின்றாலே ஆபத்து. இன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், வீட்டில் இருக்கும் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். முயலுக்கு வாய்வழி கொடுத்தால் உயிருக்கே உலை வைக்கும் ஆன்டிபயாட்டிக்குகள் உண்டு, அமாக்சிசிலின் அதில் ஒன்று.