ஊர் பால்வாடிக்கு ஒரு லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறோம், எதில் செலவிடுவது?

மேலூர் பக்கத்துக் கிராமம், வெளியூரில் வேலை பார்க்கும் பசங்க சேர்ந்து ஒரு லட்சம் திரட்டியிருக்கிறீர்கள். சுவரில் கார்ட்டூன் வரைந்து, ஒரு ஸ்மார்ட் டிவியும் மாட்டலாமா என்பது உங்கள் கேள்வி.

டிவி வேண்டாம். 2 வயதுக்குள் திரையே காட்டாதீர்கள், 2 முதல் 4 வரை நாளுக்கு ஒரு மணி நேரம்தான் உச்சம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லிவிட்டது. அந்த ஒரு மணி நேரத்தை வீட்டுச் செல்போனே தின்றுவிடும்.

முதலில் எடை மெஷினைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். 1980-இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தபோது, முதல் சோதனை வட்டாரம் உங்களுக்கு அடுத்த கொட்டாம்பட்டிதான். அதன் அச்சாணியே மாதாந்திர எடை. 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதம் தவறாமல் நிறுத்து, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு கொடுத்தார்கள்.

ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு மாதம் சுமார் 200 கிராம்தான் ஏறும். சட்டை, கொலுசு, அரைஞாண், நனைந்த ஜட்டி எல்லாம் சேர்ந்தாலே அந்த அளவு வந்துவிடும். ஒரு மாதம் உடையோடும் அடுத்த மாதம் உடையில்லாமலும் நிறுத்தால் வளர்ச்சி அட்டையில் விழும் புள்ளி பொய். மளிகைக்கடையில் முத்திரை குத்திய 5 கிலோ படிக்கல்லை இரவல் வாங்கி மெஷினில் வையுங்கள். 100 கிராம் தப்பினாலும் சூப்பர்வைசரிடம் எழுதிக் கொடுத்து மாற்றக் கேளுங்கள். தொங்கும் தராசு என்றால், காலித் தொட்டிலை மாட்டிய பிறகு முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். பலரும் தொட்டிலை மாட்டுவதற்கு முன்பே பூஜ்யம் பார்த்துவிடுகிறார்கள். அப்போது தொட்டில் எடையும் பிள்ளைக் கணக்கில் சேர்ந்து, மெலிந்த பிள்ளை தேறியதாகக் காட்டும்.

உயரத்தில் வேறு வகைத் தப்பு. 2 வயதுக்குள் படுக்கவைத்து அளக்க வேண்டும், அதற்கு மேல் நிற்கவைத்து. மாற்றி அளந்தால் 0.7 செ.மீ. போல வித்தியாசம் வரும். படுக்கவைத்து அளக்க இரண்டு பேர் வேண்டும்: தலையைப் பிடிக்க ஒருவர், முழங்காலை அமுக்கிப் பாதத்தில் பலகையை ஒட்ட ஒருவர். டீச்சர் ஒற்றை ஆளாக இதைச் செய்ய முடியாது. உங்கள் காசைவிட, மாதம் ஒரு நாள் நீங்கள் அனுப்பும் ஒரு ஆள் அங்கே பெரிய உதவி.

புயச் சுற்றளவு நாடாவும் வாங்கிக் கொடுங்கள். இடது கை, தோள் முனைக்கும் முழங்கைக்கும் நடுவில், சதையை இறுக்காமல். 6 முதல் 59 மாதக் குழந்தைக்கு 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் கடும் மெலிவு, 12.5 வரை நடுத்தர மெலிவு. இரண்டு பாதத்தையும் கட்டைவிரலால் 3 விநாடி அழுத்துங்கள். இரண்டிலும் குழி விழுந்து நின்றால் எடை எவ்வளவு காட்டினாலும் அன்றே ஆஸ்பத்திரி.

அடுத்தது மையத்தில் கொடுக்கும் சத்துமாவு. பாக்கெட் வீட்டுக்குப் போய்விடும், பிள்ளை வயிற்றுக்குப் போகிறதா என்பதுதான் சந்தேகம். தண்ணீராகக் கரைத்துக் குடிக்கக் கொடுக்கிறார்கள். 8 கிலோ குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்கு 240 மில்லிதான் கொள்ளும். அதில் பாதி தண்ணீர் என்றால் வயிறு நிறைந்திருக்கும், சத்து ஏறியிருக்காது. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத பதம் வேண்டும். ஒரு சின்ன ஸ்பூன் எண்ணெய் சேர்த்தால் 45 கலோரி கூடும். 9 மாதத்துக்கு மேல் நாளுக்கு 3, 4 வேளை. மையத்திலேயே மாதம் ஒரு தடவை தாய்மார் முன்னால் கிண்டிக் காட்டச் சொல்லுங்கள். நோட்டீஸ் அடித்துப் பயனில்லை.

எடை போடும் நேரத்தையும் கவனியுங்கள். மல்லி பறிக்கும் அம்மாக்கள் விடியுமுன்னே காட்டுக்குப் போய்விடுகிறார்கள். காலையில் எடை போட்டால் அவர்கள் பிள்ளைதான் விடுபடும், மெலிந்த பிள்ளையும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். மாலை 5 மணிக்கு ஒரு சுற்று வையுங்கள்.

கட்டட வேலை என்றால், பிள்ளை எட்டும்படி தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் குழாய். சோப்பை வலைப்பையில் போட்டுக் குழாயிலேயே கட்டிவிடுங்கள், தொலையாது, கரையாது. சித்திரை வெயிலுக்கு முன் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்புப் பூச்சு. பெரிய பழுதுக்கு உங்கள் காசைப் போடாதீர்கள். கிராம சபை ஆண்டுக்கு 6 தடவை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. “பால்வாடியைச் சீரமைக்க வேண்டும்” என்று பொத்தாம்பொதுவாகத் தீர்மானம் போட்டால் கோப்பு நகராது. எந்த மையம், எது பழுது, எத்தனை சதுர அடி, மதிப்பீடு எவ்வளவு என்று எழுதி, நகல் கையில் வாங்குங்கள். மையமே இல்லாத குக்கிராமத்தில் 6 வயதுக்குள் 40 பிள்ளைகள் இருந்தால், கேட்ட 3 மாதத்துக்குள் திறக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

‘டீச்சர் ஒழுங்காக வந்தால் இதெல்லாம் எதற்கு’ என்று கீழே யாராவது எழுதுவார்கள். வராதவர்களும் உண்டு, அவர்களுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் வருகிற டீச்சர் கையில் பிள்ளைகளின் விவரம் பதியும் போஷன் டிராக்கர் செயலி, வாக்காளர் பட்டியல் வேலை, சர்வே என்று குவித்துவிட்டு, பிள்ளையோடு உட்காரவில்லையே என்று கேட்பது என்ன நியாயம்? ஓடிபி வருமா என்று நெட்வொர்க் தேடி அலையும் நேரத்தில் நாலு பிள்ளைக்குக் கதை சொல்லிவிடலாம். அதையெல்லாம் பார்க்காமல், மூன்று வயதுப் பிள்ளையை வேனில் ஏற்றி எல்கேஜிக்கு அனுப்பி ஏ பி சி டி எழுதவைப்பதுதான் இப்போது கௌரவம். விரல் எலும்பே இன்னும் முற்றாத வயசு.

சுவர் விஷயம்: கார்ட்டூன் வரைந்தால் பிள்ளை ஒரு வாரம் பார்க்கும், பிறகு திரும்பாது. தரையிலிருந்து 3 அடி உயரத்துக்குச் சுற்றிலும் கரும்பலகை பெயிண்ட் அடித்து, தடிமனான சாக்பீஸ் ஒரு பெட்டி வாங்கி வையுங்கள். காரை உதிரும் இடத்தைப் பூசிக் காயவிட்ட பிறகே அடிக்க வேண்டும், ஈரச் சுவரில் அடித்தால் இரண்டே மாதத்தில் உரிந்துவிடும்.