டிரோம்சோவிலிருந்து லாங்யர்பியனுக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

டிரோம்சோ நார்வேயின் வடபகுதியில் உள்ள ஊர். லாங்யர்பியன் அதற்கும் வடக்கே, நார்வேயைச் சேர்ந்த ஸ்வால்பார்டு தீவுகளில் இருக்கிறது. நேர்வழியில் சுமார் 958 கி.மீ., அதாவது 517 கடல் மைல். கால அட்டவணையில் 1 மணி 35 நிமிடம் முதல் ஒன்றே முக்கால் மணி வரை போட்டிருப்பார்கள். இரண்டு ஊரிலும் ஒரே நார்வே நேரம்தான். அதனால் டிக்கெட்டில் உள்ள நேரங்களை அப்படியே கழித்துப் பார்க்கலாம்.

வரைபடத்தில் ஏன் இவ்வளவு தள்ளித் தெரிகிறது என்றும் கேட்கலாம். கைப்பேசி வரைபடம் வடக்கே போகப் போக நிலத்தை இழுத்துப் பெரிதாக்கிவிடும். டிரோம்சோ அருகே ஏறத்தாழ 2.9 மடங்கு, லாங்யர்பியன் அருகே 4.9 மடங்கு. நிலநடுக்கோட்டு அளவுகோலை அங்கே வைத்து அளந்தால் 3,500 கி.மீ. வந்து நிற்கும்!

கையால் போட்டுப் பார்ப்பதும் எளிதுதான். டிரோம்சோ விமான நிலையம் அட்சரேகை 69.68, தீர்க்கரேகை 18.92. லாங்யர்பியன் 78.25, 15.47. அட்சரேகை வித்தியாசம் 8.57 பாகை. ஒரு பாகைக்கு 60 கடல் மைல், ஒரு கடல் மைலுக்கு 1.852 கி.மீ. ஆக வடக்கு நோக்கி 952 கி.மீ. அடுத்த படியில்தான் பலர் தவறுகிறார்கள். தீர்க்கரேகை வித்தியாசமான 3.45 பாகையையும் 111 கி.மீ.யால் பெருக்கி 383 என்று எடுத்துக்கொள்கிறார்கள். துருவத்தை நெருங்க நெருங்கத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்கும். நடுவில் 74வது பாகையில் ஒரு பாகை அகலம் வெறும் 31 கி.மீ.தான். 3.45-ஐ 31-ஆல் பெருக்கினால் 107. 952, 107 இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 958. தவறான வழியில் போனால் 1,026 வரும்.

நேரத்துக்கு, தூரத்தை வேகத்தால் வகுத்தால் மட்டும் போதாது. போயிங் 737-800 உயரத்தில் மணிக்குச் சுமார் 830 கி.மீ. போகும், அப்படிப் பார்த்தால் 69 நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு என்பதால் 12 முதல் 15 நிமிடம் கூட்டுங்கள். தரையில் ஊர்ந்து போக இன்னொரு 10, 15. மணிக்கு 90 கி.மீ. எதிர்க்காற்று அடித்தால் கூடுவது 8 நிமிடம்தான். குளிர்காலத்தில் இறக்கைப் பனியை மருந்து தெளித்து நீக்கும் வேலைதான் அதைவிட அதிகம் இழுக்கும்.

உண்மையான தாமதம் வேறு இடத்தில் இருக்கிறது. லாங்யர்பியனில் மூடுபனியோ பலத்த பக்கக்காற்றோ இருந்தால் ஒதுங்க அருகில் பெரிய ஓடுதளம் எதுவும் கிடையாது. 958 கி.மீ. போய், இறங்க முடியாமல், அதே தூரம் டிரோம்சோவுக்கே திரும்ப நேரிடும். ஆகவே திரும்பும் நாளிலேயே அடுத்த வெளிநாட்டு விமானத்தைப் பிடிக்கும்படி டிக்கெட் எடுக்காதீர்கள், ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள் கவனிக்க: ஸ்வால்பார்டுக்கு விசா தேவையில்லை, ஆனால் அது ஷெங்கனுக்கு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் பகுதிக்கு, வெளியே. டிரோம்சோவில் பாஸ்போர்ட் சோதனை முடிந்ததுமே ஷெங்கனிலிருந்து வெளியேறியதாகக் கணக்கு. ஒருமுறை மட்டும் நுழையும் விசா என்றால் திரும்பி வர வழியில்லை. இருமுறை அல்லது பலமுறை நுழையும் விசாவே கேட்டு வாங்குங்கள்.