மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாசம் எண்டு ஒக்டோபர் வந்தா எல்லாத்தையும் பிங்க் ஆக்கிறத பார்த்து ஏன் சிலர் கடுப்பாகிறாங்க?

இதுக்கு ‘பிங்க்வொஷிங்’ எண்டு ஒரு பேரே இருக்கு. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு எண்டு சொல்லிக்கொண்டு தங்கட சாமான விக்கிறது, அவ்வளவுதான். 2010ல அமெரிக்காவில கேஎஃப்சி பொரிச்ச கோழியையே பிங்க் வாளியில போட்டு வித்தது, அங்கத்த ஃபுட்போல் லீக் என்எஃப்எல் 2009ல இருந்து சில வருஷம் ஒக்டோபர்ல பிளேயர்ஸுக்கு பிங்க் சப்பாத்து, பிங்க் கையுறை எல்லாம் போட்டு விட்டது.

ஏன் இப்பிடி? கலர் மாத்த பெரிய செலவில்ல, நல்ல பேரும் கிடைக்கும், ‘லாபத்தில ஒரு பங்கு’ எண்டு போட்டா எத்தின ரூபா எண்டு யாரும் கேக்கிறதும் இல்ல.

நம்ம திருகோணமலையில தேருக்கு தாகசாந்தி வைக்கிறாங்க தானே, அதில ஒரு கடைக்காரன் பெரிய பேனர் கட்டிப்போட்டு ஒரே ஒரு வாளி சர்பத் கரைச்சு வச்சா எப்பிடி இருக்கும், அரை மணித்தியாலத்தில வாளி காலி, பேனர் மட்டும் பத்து நாளும் தொங்கும், அந்த மாதிரித்தான்.

எங்கட பெரியம்மா கீமோவுக்கு விடிய நாலு மணிக்கு பஸ் ஏறினவ, தலையில துவாய், கையில சத்தி எடுக்க ஒரு சொப்பிங் பேக். பிங்க் ரிப்பன் ஒட்டின சாம்பு விளம்பரத்த பார்த்திட்டு “எனக்கு முடியே இல்ல, சாம்பு எதுக்கு” எண்டா. (சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவ.)

இன்னொண்டு, பிங்க் விளம்பரத்தில கடுப்பு எண்டா செக் பண்ணத் தேவையில்ல எண்டு அர்த்தமில்ல. மார்பில நோகாத கட்டி எண்டாலும் டொக்டரிட்ட காட்டத்தான் வேணும், ஆம்பிளையளுக்கும் இது வரும்.