பயந்தால் கரு தங்காதா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் வண்டன்மேடு ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வருகிறேன். கர்ப்பத்தில் இது எட்டாவது வாரம். போன வாரம் மலை வளைவில் ஜீப் சறுக்கி, மிகவும் பயந்துவிட்டேன். அன்றைக்கே எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு 12,400. "பயந்தா எதிர்ப்புச் சக்தி போயிடும், கரு தங்காது" என்கிறார் அத்தை. நரம்புக்கும் எதிர்ப்புச் சக்திக்கும் என்ன சம்பந்தம்?
– ஒரு வாசகி, கம்பம்

பதில்: சம்பந்தம் உண்டு. ஆனால் அத்தை சொல்கிற மாதிரி அல்ல.

எதிர்ப்பு அணுக்கள் பிறந்து, பழகி, தங்கும் இடங்கள் சில. எலும்பு மஜ்ஜை, மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ், இடது விலாவுக்குள் இருக்கும் மண்ணீரல், காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுமே, அந்த நிணநீர்க் கணுக்கள். இவை எல்லாவற்றுக்குள்ளும், ஆபத்து நேரத்தில் உடலை உஷார்ப்படுத்தும் பரிவு நரம்பின் இழைகள் ரத்தக் குழாய்களோடு சேர்ந்தே நுழைகின்றன. பதறும்போது அவற்றின் நுனியில் நார்அட்ரினலின் என்ற சேதிப் பொருள் சுரக்கிறது. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் எதிர்ப்பு அணுக்களிலேயே இருக்கின்றன. மண்ணீரலில் நடப்பது இன்னும் நுட்பமானது: நரம்பு தரும் நார்அட்ரினலினை வாங்கிய டி அணுக்கள் என்ற எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகை, அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு சேதிப் பொருளை விடுகிறது. அதைப் பெற்ற விழுங்கணுக்கள் அழற்சியைத் தூண்டும் சுரப்பைக் குறைத்துக்கொள்கின்றன. ஆகவே நரம்பு எதிர்ப்பை முடுக்கிவிடுவது மட்டுமல்ல, அடக்கியும் வைக்கிறது.

கருவில் பாதி அப்பாவின் சாயல். தாயின் உடல் ஏன் அதை அந்நியம் என்று தள்ளவில்லை என்ற கேள்வியை 1953-ல் பிரிட்டிஷ் உயிரியலாளர் பீட்டர் மெடாவர் எழுப்பினார். அந்தப் பொறுமைக்கு முக்கியக் காரணங்கள் கர்ப்பத்தைக் காக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனும், சண்டையை அடக்கும் டி அணுக்களும், கருப்பை உட்சுவரில் குவியும் தனி வகை இயற்கைக் கொல்லி அணுக்களும். பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கருவுக்கு ரத்தம் தரும் குழாய்களை விரிப்பதில் கைகொடுப்பவை அவை. நரம்பு இதில் சுருதி சேர்க்கும் கை மட்டுமே, கச்சேரியை நடத்துவது ஹார்மோன்தான். ஒருமுறை பயந்ததால் கரு கலைந்துவிடாது. முதல் மூன்று மாதக் கலைவுகளில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு.

இனி 12,400. கர்ப்பம் இல்லாதபோது 11,000 தாண்டினால் யோசிப்போம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் 13,000 வரைகூட இயல்புதான். தவிர, ரத்தக் குழாயின் சுவரில் ஒட்டிக்கிடக்கும் வெள்ளை அணுக்களை அட்ரினலின் சில நிமிடங்களிலேயே ஓட்டத்துக்குள் உதறிவிடும். ஜீப்பில் குலுங்கிப் பதறி வந்த கையோடு ரத்தம் கொடுத்தால் எண்ணிக்கை ஏறித்தான் காட்டும். அடுத்த முறை அரை மணி நேரம் உட்கார்ந்திருந்து கொடுங்கள். கூடவே சிறுநீரையும் பார்த்துவிடுங்கள். 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், ரத்தப்போக்கு, கடும் வயிற்றுவலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

நாள்கணக்கில் தூக்கம் கெட்டால்தான் கவலை. விடியுமுன் ஜீப் பிடிக்க எழுகிறவர் இரவு ஒன்பதுக்கே படுத்துவிடுவது நல்லது. படுக்குமுன் 4 வினாடி மூச்சை இழுத்து, 6 வினாடி விட்டு, பத்து நிமிடம் செய்யுங்கள். இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடி கூடி இதயத் துடிப்பு தணியும். ஆஸ்துமாவுக்கு சால்பியூட்டமால் இழுப்பவர்கள், "அதுவும் நரம்பு மருந்துதானே" என்று தாமாக நிறுத்தக் கூடாது. மூச்சுத் திணறல்தான் கருவுக்குப் பெரிய ஆபத்து.

நீங்கள் கேட்காத ஒன்று, எங்கள் கணக்கில் ஜீப்பைவிடப் பெரியது. ஏலத்துக்கு அடித்துவந்த, 2023-ல் ஏலத்தில் தடைசெய்யப்பட்ட குயினால்பாஸ் போன்ற பூச்சிமருந்துகள், அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியையே முடக்குபவை. மருந்தடிப்பில் நிற்காதீர்கள். அடித்த பாத்திக்கு, டப்பாவில் எழுதியுள்ள இடைவெளி முடியும்வரை போகாதீர்கள். வேலைச் சேலையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். எச்சில் ஊறி, வியர்த்து, நெஞ்சு இறுகி, கண்ணின் கருமணி சுருங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்கு.

கேள்வி: 40 செம்மறிக்குக் கிடா சேர்த்துப் பத்து நாளில் நாய்கள் பட்டியில் புகுந்து விரட்டின. சினை நிற்குமா?
– ஒரு வாசகர், குப்பம்

பதில்: பெரும்பாலும் நிற்கும். தினமும் விரட்டினால்தான் சந்தேகம். செம்மறியில் 13-ம் நாள் வாக்கில் கரு இன்டர்பெரான் டாவ் என்ற புரதத்தைச் சுரந்து தாய்க்குச் சேதி சொல்கிறது. பெண்களில் எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோன் செய்கிற வேலை இது. அந்த நாள்களில் வண்டியேற்றுவது, வெயிலில் நெடுந்தூரம் ஓட்டுவது வேண்டாம். கிடாவின் மார்பில் காவியைக் கடலை எண்ணெயில் குழைத்துப் பூசுங்கள். 17 நாள் கழித்து வேறு நிறம் பூசுங்கள். புது நிறம் முதுகில் பட்ட ஆடு மறுபடி பருவத்துக்கு வந்தது, அதாவது சினை பிடிக்கவில்லை. கிடாவைப் பிரித்து 30 நாள் ஆகும்வரை அல்பெண்டசோல் குடற்புழு மருந்தை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். நாயைவிட அதுதான் கருவைக் கெடுக்கும்.