காட்டு மைனா என்பது எந்தப் பறவை? வீட்டருகே பார்க்கும் மைனாவிலிருந்து அதை எப்படிப் பிரித்தறிவது?

காட்டு மைனா நாம் தினமும் பார்க்கும் நாகணவாய்க்கு, அதாவது ஊர் மைனாவுக்கு, நெருங்கிய உறவு. சாம்பல் கலந்த பழுப்பு உடல், கருந்தலை, மஞ்சள் கால்கள். முதலில் கண்ணைப் பாருங்கள். ஊர் மைனாவுக்குக் கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல் இருக்கும், இதற்கு அது இல்லை. அப்புறம் நெற்றி: அலகு தொடங்கும் இடத்தில் சிறு தூரிகை போலக் குத்திட்டு நிற்கும் இறகுக் கொத்து. தென்னிந்தியப் பறவைகளின் விழி வெளிர்நீலம், வடக்கே மஞ்சள். பறக்கும்போது இறக்கையில் வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும்.

மேயும் மாடுகளை இது ஏன் விடாமல் பின்தொடர்கிறது? பழைய அலமாரியை நகர்த்தினால் பின்னால் ஒளிந்திருந்த கரப்பான்பூச்சி ஓடுமே, அதே கதைதான். மாட்டின் குளம்பு பட்டதும் புல்லிலிருந்து வெட்டுக்கிளிகள் துள்ளும், மைனாவுக்குத் தேடும் வேலை மிச்சம். சில சமயம் மாட்டின் முதுகிலேயே ஏறி உண்ணிகளையும் கொத்தும்.

முள்முருங்கை, இலவம் பூக்கும் காலத்தில் தேனும் குடிக்கும். அப்போது அந்த நெற்றிக் கொத்தில் மகரந்தம் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகிறது. எனக்கு இந்தப் பறவையில் மிகப் பிடித்த விஷயம் இதுதான்! கூடு மரப்பொந்தில், முட்டை நீல நிறம்.

பெயரைக் கேட்டு அடர்காட்டில் மட்டும் தேட வேண்டாம். காட்டோரம், வயல், நீலகிரித் தேயிலைத் தோட்டம் எல்லாம் அதன் இடங்களே. மனிதரைப் போல அச்சாகப் பேசுவதாகப் புகழ்பெற்றது மலை மைனா, அது வேறு பறவை.