பேர் பிளேட் இல்லாத பழைய லேத்துல எவ்வளவு வெயிட் வரை ஜாப் (கடையுற பொருள்) கட்டலாம்?

கேட்டவரு 8 அடி பழைய லேத் வாங்கியிருக்காரு, பிளேட்டும் இல்ல மேனுவலும் இல்ல, ரப்பர் பேக்டரில இருந்து கிரேப் மெஷின் (ரப்பர நசுக்கி தகடாக்குறது) ரோலர் ஒண்ணு வருது, 14 இஞ்ச் டயா 2 அடி நீளம், கட்டலாமாங்காரு. கன்னியாகுமரி மாவட்டத்துல குலசேகரம் மார்த்தாண்டம் பக்கம் பட்டறை போட்டா இந்த ரோலர் வராம இருக்காது பாத்துக்கிடுங்க.

இந்த லேத் இத்தன கிலோ தாங்கும்னு ஒத்த நம்பரே கிடையாது அண்ணாச்சி. சக்குல (ஜாப்ப கவ்விப் புடிச்சு சுத்துறது) மட்டும் புடிச்சா ஒரு லிமிட், மறுமுனைல டெயில்ஸ்டாக்ல இருந்து சென்டர் (கூர் முனை) குடுத்தா வேற, பெட்ல (லேத்தோட நீளமான அடிப்பாகம்) நின்னு ஜாப்ப தாங்குற ஸ்டெடி வச்சா வேற. சிலரு ஸ்விங் பாத்து வெயிட்ட சொல்லுவாவ, ஸ்விங்குங்கது லேத்துல சுத்தக்கூடிய பெரிய டயா மட்டும்தான், வெயிட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

முதல்ல ஜாப் எவ்வளவு வெயிட்னு கணக்கு போடுங்க. கம்பி கடக்காரங்க போடுற அதே கணக்குதான், டயாவ மில்லிமீட்டர்ல எடுத்து டயா இன்டு டயா, 162 ஆல வகுத்தா ஒரு மீட்டர் ஸ்டீலுக்கு எத்தன கிலோனு வந்துரும். உங்க ரோலர் 350 மிமீ, 600 நீளம்னு வச்சா ஸ்டீல்னா 450 கிலோ சொச்சம், வார்ப்பிரும்பு சாலிடா இருந்தா 415 கிட்ட வரும், ரெண்டு பக்க ஜர்னல் (பேரிங்ல ஒக்காருற தண்டு) தனி. இதுல சக்கோட வெயிட்டயும் சேக்கணும், சக்க சுத்துற தண்டான ஸ்பிண்டிலுக்கு அதுவும் சுமதான், நெறய பேரு இத மறந்துருவாவ.

சக்குல மட்டும் தொங்க விடுறதுதான் மோசம். ஸ்பிண்டில தாங்குற பேரிங் ரெண்டுக்கும் இடைல 400 மிமீ, ஜாப்போட நடு முன் பேரிங்ல இருந்து 400 வெளிய நிக்குதுனு வைங்க, 100 கிலோ ஜாப் முன் பேரிங்ல 200 கிலோவா எறங்கும், பின் பேரிங்க 100 கிலோ பலத்துல மேல்பக்கமா தூக்கும். அதனால வெயிட் மட்டும் இல்ல, எவ்வளவு வெளிய நீட்டி நிக்குதுங்கதும் பாக்கணும்.

மெஷினோட இப்போதய நெலமய டயல் கேஜ்தான் (சின்ன அசைவயும் ஊசில காட்டுற மீட்டர்) சொல்லும். மேக்னட் பேஸ பெட்ல ஒட்டி ஊசிய சக் பாடிக்கு மேல வச்சிட்டு, சக்குக்கு அடில கட்டய குடுத்து மெதுவா நெம்புங்க, விட்ட உடனே ஊசி பழைய எடத்துக்கு வருதானு பாருங்க. 0.01 மிமீ டயல்ல நாலஞ்சு கோட்டுக்கு மேல ஆடிச்சினா பேரிங்க சரி பண்ணாம பெரிய ஜாப்ப நெனைக்கவே வேண்டாம். ஆடலனா சின்ன வெயிட்ல ஆரம்பிச்சு கொஞ்சங்கொஞ்சமா கூட்டி, அர மணிக்கூர் ஓட விட்டு ஹெட்ஸ்டாக்ல (ஸ்பிண்டில் இருக்குற பெட்டி) முன் பேரிங் கிட்ட கை வச்சு பாருங்க, கை வைக்க முடியாத சூடுனா அதுக்கு முந்தின வெயிட்தான் உங்க லிமிட்.

சென்டர் குடுத்தா பாதி வெயிட் டெயில்ஸ்டாக் பக்கம் போவும். ரிவால்விங் சென்டருக்கு எவ்வளவு லோடுனு அந்த கம்பெனி கேட்டலாக்லயே இருக்கும், மலிவா கெடச்ச சென்டர நம்பி 400 கிலோவ ஏத்தாதீங்க. சென்டர் ஹோல் சின்னதா இருந்தா வாய் நசுங்கிரும், பெரிய டிரில் போடுங்க. ஜாப் சூடானா நீளும், ஒரு மீட்டர் ஸ்டீல் 50 டிகிரி ஏறினா அர மில்லிக்கு மேல வளரும், அதனால நடுநடுல டெயில்ஸ்டாக்க லேசா தளத்தி திரும்ப புடிக்கணும்.

பழைய லேத்துல சக் திரெட்ல மாட்டுற டைப்பானு கண்டிப்பா பாருங்க. வெயிட் ஜாப் ஓடிட்டு இருக்கும்போ டக்குனு பிரேக் போட்டாலோ ரிவர்ஸ் குடுத்தாலோ ஸ்பிண்டில் நிக்கும், ஜாப் நிக்காது, சக் திருகி கழண்டு ஜாப்போட கீழ வந்துரும். பேக் கியர்ல கொறஞ்ச ஸ்பீடுல ஓட்டி தானா நிக்க விடுங்க. பேலன்ஸ் இல்லாத ஜாப்புக்கு ஸ்பீடு ரெண்டு மடங்கானா உதறல் நாலு மடங்கு.

உங்க ரோலருக்கு வருவோம். வெயிட்டுக்கு முன்னாடி கிராஸ் ஸ்லைடுக்கு (டூல தாங்கி குறுக்கால நகருறது) மேல 14 இஞ்ச் கேறுமானு அளந்து பாருங்க, பெட்டுக்கு மேல கெடைக்குற ஸ்விங் அங்க கெடைக்காது, பாதி பேருக்கு அங்கயே கத முடிஞ்சிரும். கேறிச்சினா ஒரு ஜர்னல நாலு ஜா சக்குல புடிச்சு, மத்த ஜர்னல ஸ்டெடில ஒக்கார வைங்க, அந்தப் பக்க வெயிட்ட ஸ்டெடி வழியா பெட் வாங்கும், சென்டர் தப்பிக்கும். ஸ்டெடி பேட்ல எண்ண விட்டுட்டே இருக்கணும். ஜாப்ப தூக்கிப் புடிச்ச செயின் பிளாக்க ஜாப் முழுசா இறுகுற வர கழத்த வேண்டாம், பெட்டுக்கு மேல மரக்கட்டயும் போட்டுக்கிடுங்க.