ஸ்டீரொயிட் மருந்துகள்: கூட்டுவதா, குறைப்பதா, நிறுத்துவதா?

ஸ்டீரொயிட் மருந்துகள் பற்றி வந்த கேள்விகளைச் சுருக்கித் தந்து கீழே பதில் எழுதியிருக்கிறேன். நான் மருந்தாளர், உங்களை நேரில் பரிசோதித்த வைத்தியரின் சொல்லுக்கு மேலாக என் பதிலைக் கொள்ள வேண்டாம். கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே குழப்பத்திலிருந்து எழுந்தவை. அழற்சியை அடக்குவதற்காக இம்மருந்தை எடுப்பவருக்கு அளவும் காலமும் குறையக் குறைய நல்லது. உடல் தானே சுரக்க வேண்டிய, சுரக்கத் தவறிய கோட்டிசோல் என்னும் ஹோர்மோனை ஈடுசெய்வதற்காக எடுப்பவரோ ஒரு வேளையைக்கூடத் தவறவிடலாகாது. முதல் வகையினர் பல மாதங்கள் மருந்தெடுத்தால், தம்மை அறியாமலே இரண்டாம் வகையினராகிவிடுவதும் உண்டு.

கேள்வி (மானிப்பாய், ஓய்வுபெற்ற ஆசிரியை): மூட்டுவாதத்திற்காக எட்டு மாதங்களாகப் பிரட்னிசோலோன் 7.5 மில்லிகிராம் எடுக்கிறேன். முகம் வீங்கிவிட்டது. உடனே நிறுத்தும்படி அயலவர்கள் சொல்கிறார்கள். நிறுத்தலாமா?

பதில்: உடனே நிறுத்த வேண்டாம், அம்மா. சிறுநீரகங்களின் மேல் அமைந்திருக்கும் அதிரீனற் சுரப்பிகள் நாளொன்றுக்குச் சுரக்கும் கோட்டிசோலுக்கு ஏறத்தாழ ஈடானது 5 மில்லிகிராம் பிரட்னிசோலோன். அதற்கு மேற்பட்ட அளவு மாதக்கணக்காக வெளியிலிருந்து வரும்போது, மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி சுரக்கும்படி கட்டளையிடுவதை நிறுத்திக்கொள்கிறது. அதிரீனற் சுரப்பிகளும் சுருங்கிப்போகின்றன. இந்நிலையில் குளிசையைத் திடீரென்று விட்டால், மூட்டுநோ திரும்பி வருவது ஒருபுறமிருக்க, கடுங்களைப்பு, சத்தி, குருதி அழுத்தம் வீழ்தல், மயக்கம் என்று உயிருக்கே ஆபத்து நேரலாம். மூன்று, நான்கு வாரங்களுக்கு மேல் எடுத்த எவருக்கும் இது பொருந்தும். ஐந்து நாட்களுக்கு ஆஸ்துமாவுக்காகக் கொடுத்ததை அப்படியே நிறுத்துவதில் பொதுவாகப் பிழையில்லை.

உங்கள் வைத்தியர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். 7.5க்குக் கீழே வந்தபின் இன்னும் மெதுவாக, சில வேளைகளில் மாதத்திற்கு 1 மில்லிகிராம் வீதமே குறைப்பார். உறங்கிய சுரப்பிகள் விழிப்பதற்கு அந்த அவகாசம் வேண்டும். இடையில் காய்ச்சல் வந்தாலோ, சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்தாலோ, பல் பிடுங்கச் சென்றாலோ இம்மருந்தைப் பற்றி முதலில் சொல்லுங்கள். எலும்பு தேய்வதைத் தடுக்கக் கல்சியமும் விற்றமின் டீயும் தேவையா என்று கேளுங்கள். மூட்டுநோவுக்கென்று டைக்குளோபெனக் போன்ற குளிசைகளைக் கடையில் வாங்கிச் சேர்த்து விழுங்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் இரைப்பைப் புண்ணும் குருதிக்கசிவும் ஏற்படும் வாய்ப்பு மிகும்.

1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வைத்தியர் பிலிப் ஹென்ச் முதன்முதலாகக் கோட்டிசோன் என்னும் ஸ்டீரொயிட்டை ஏற்றியதும் உங்களைப் போன்ற மூட்டுவாத நோயாளி ஒருவருக்கே. 1950இல் அவரும் வேறு இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள். முகம் வீங்குவது அந்தக் காலத்திலிருந்தே அறியப்பட்ட விளைவுதான். அளவு குறையக் குறைய அதுவும் வடியும்.

கேள்வி (கொக்குவில்): சலரோகம் உள்ள எனக்குத் தோல் நோய்க்காகப் பிரட்னிசோலோன் தந்துள்ளார்கள். காலையில் வெறுவயிற்றில் பார்த்தால் சீனி அளவு சரியாகவே இருக்கிறது. கவலைப்பட வேண்டியதில்லைத்தானே?

பதில்: காலைக் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். காலையில் விழுங்கிய பிரட்னிசோலோன் பிற்பகலிலும் மாலையிலுமே குருதிச் சீனியை உயர்த்தும். விடிவதற்குள் அது இறங்கிவிடும். மதிய உணவுக்கு இரண்டு மணித்தியாலங்களின் பின்னரும் இரவு உணவுக்கு முன்னரும் அளந்து, எழுதிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். இதற்காகக் குளிசையை இரவுக்கு மாற்றாதீர்கள், தூக்கமும் கெடும்.

கேள்வி (நெடுந்தீவு): தம்பிக்கு அடிசன் நோய். ஹைட்ரோகோட்டிசோனும் புளூட்ரோகோட்டிசோனும் எடுக்கிறார். சென்ற மாதம் வயிற்றோட்டமும் சத்தியும் வந்தபோது இளநீர் கொடுத்துப் பார்த்தோம்; சோர்ந்து விழுந்துவிட்டார். அடுத்த முறை என்ன செய்வது?

பதில்: இக்கேள்வியை இந்நோயுள்ள எல்லாக் குடும்பங்களும் வாசிக்க வேண்டும். அடிசன் நோயில் அதிரீனற் சுரப்பிகளே பழுதடைந்திருப்பதால் கோட்டிசோலோடு, உப்பைக் காக்கும் அல்டொஸ்டெரோன் என்னும் ஹோர்மோனும் இல்லாமற்போகிறது. முதலாவதை ஹைட்ரோகோட்டிசோனும் இரண்டாவதைப் புளூட்ரோகோட்டிசோனும் ஈடுசெய்கின்றன. உடலிலிருந்து சோடியம் வெளியேற, பொற்றாசியம் தேங்குகிறது. இளநீரில் பொற்றாசியம் நிறைய உண்டு, சோடியமோ மிகக் குறைவு. மற்றவர்களுக்கு நல்லதான அந்தப் பானம் உங்கள் தம்பிக்கு அந்நேரத்தில் பொருந்தாது. உப்பிட்ட கஞ்சியோ ஜீவனியோ (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புச்சீனிக் கரைசல்) கொடுக்கலாம். ஆனால் அவற்றை நம்பி மருந்தைத் தாமதிக்கக் கூடாது.

நோயற்ற உடல் காய்ச்சலின்போது கோட்டிசோலைப் பன்மடங்கு சுரக்கும். தம்பியின் உடலால் அது இயலாது. ஆகவே அதைக் குளிசையால் நாம் செய்ய வேண்டும். காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தாண்டினால் ஹைட்ரோகோட்டிசோனை இரட்டிப்பதும், 39ஐத் தாண்டினால் மும்மடங்காக்குவதும், சுகமானபின் பழைய அளவுக்குத் திரும்புவதும் பொது நடைமுறை. குளிசை விழுங்கி அரை மணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்தால் மீண்டும் ஒருமுறை கொடுங்கள். அதையும் எடுத்துவிட்டால் வாய்வழி மருந்தில் பயனில்லை, ஊசிதான் வழி. வளர்ந்தவருக்கு ஹைட்ரோகோட்டிசோன் 100 மில்லிகிராம் தசையில் ஏற்ற வேண்டும், பின்னர் வைத்தியசாலையில் சேலைனும் தேவைப்படும்.

குறிகட்டுவானுக்குப் படகு ஓடாத நாட்களை எண்ணிப் பார்த்தால், ஊசிமருந்தைத் தீவிலேயே ஆயத்தமாக வைத்திருப்பது உங்களுக்குக் கட்டாயம். கிளினிக்கில் எழுதி வாங்கி, ஏற்றும் முறையை வீட்டில் இருவராவது பழகிக்கொள்ளுங்கள். நெடுந்தீவு வைத்தியசாலையில் அவருடைய நோயின் பெயரை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குளிசைகளும் குறைந்தது ஒரு மாதத்துக்கு மேலதிகமாக இருக்கட்டும். நோயின் பெயரையும் மருந்தையும் எழுதிய அட்டை எப்போதும் அவருடைய சட்டைப்பையில் இருக்க வேண்டும். வெயிலில் உழைக்கும் நாட்களில் உணவில் உப்பைக் கூட்டுங்கள்; உப்பைக் குறை என்று எல்லோருக்கும் சொல்லப்படும் அறிவுரை அவருக்கு உரியதல்ல.

கேள்வி (உரும்பிராய்): பிள்ளைப்பேற்றின்போது குருதி பெருகி அம்மாவின் கபச்சுரப்பி பழுதடைந்தது. ஹைட்ரோகோட்டிசோனும் தைரொக்சினும் எடுக்கிறார். கந்தசஷ்டிக்கு ஆறு நாட்களும் உபவாசம் இருக்க விரும்புகிறார்.

பதில்: குளிசையை விட்டு விரதம் இருக்கவே கூடாது. நீரும் அருந்தாமல் இருப்பதற்கும் நான் உடன்பட மாட்டேன். கோட்டிசோல் குறைந்தவருக்குப் பட்டினியில் குருதிச் சீனி விரைவாக வீழ்ந்துவிடும். குளிசைகளை உரிய நேரத்தில் எடுத்து, பாலும் பழமும் ஒருவேளைச் சோறும் உண்ணும் விரதத்தை வைத்தியர் அனுமதிக்கக்கூடும். முருகன் மருந்துக்கு விரோதியல்லன் என்று அம்மாவிடம் எடுத்துச் சொல்லுங்கள். மேலும், எக்காரணத்தாலும் ஹைட்ரோகோட்டிசோனை விட்டுத் தைரொக்சினை மட்டும் எடுக்க விடாதீர்கள். தைரொக்சின் உடலின் கோட்டிசோல் தேவையை உயர்த்துவதால், கோட்டிசோல் போதாமல் உயிராபத்தான நெருக்கடியை அது வருவிக்கும்.

கேள்வி (சாவகச்சேரி): ஏழு வயது மகனுக்கு ஆஸ்துமாவுக்காகத் தினமும் பெக்லோமெதசோன் பம் அடிக்கச் சொல்கிறார்கள். வளர்ச்சி குன்றுமா?

பதில்: இறுதி உயரத்தில் 1 சென்ரிமீற்றர் அளவு குறையக்கூடும். முட்டு முற்றி அடிக்கடி ஸ்டீரொயிட் குளிசை விழுங்குவதோடு ஒப்பிட்டால் அது சிறிது. பம்முடன் பொருத்தும் ஸ்பேசர் என்னும் குழாயை வைத்து அடித்து, பின் வாயைக் கொப்பளித்துத் துப்பச் செய்யுங்கள்.

கேள்வி (அச்சுவேலி): அரிவு வெட்டும்போது நெற்தாள் கண்ணில் குத்திச் சிவந்திருக்கிறது. வீட்டில் டெக்சாமெதசோன் சொட்டு மருந்து மிஞ்சியிருக்கிறது. விடலாமா?

பதில்: விடாதீர்கள். தாவரம் குத்திய கண்ணில் பங்கசுத் தொற்று ஏற்படலாம். ஸ்டீரொயிட் சிவப்பை மறைத்துவிட்டுத் தொற்றை வளர்க்கும், பார்வையும் பறிபோகலாம். இன்றே கண் வைத்தியரிடம் போங்கள்.

கேள்வி (வட்டுக்கோட்டை): முழங்கால் நோவுக்கு ஒருவர் பெயரில்லாத தூள் தருகிறார். இரண்டே நாளில் நோ பறந்துவிட்டது, பசியும் கூடியிருக்கிறது. நாட்டு மருந்துதானே, கெடுதல் இல்லையல்லவா?

பதில்: இரண்டு நாளில் நோ பறந்து பசியும் கூடினால் அதில் ஸ்டீரொயிட் கலந்திருக்குமோ என்றே ஐயுற வேண்டும். சித்த மருத்துவத்தை நான் குறை கூறவில்லை. உள்ளே இருப்பது இன்னதென்று சொல்லாத மருந்தையே குறை கூறுகிறேன். சொல்லப்பட்ட மூலிகையும் சில வேளை கணக்கில் வரும்: அதிமதுரத்தை நெடுநாள் உண்டால் கோட்டிசோல் சிறுநீரகத்தில் செயலிழப்பது தடைப்பட்டு, குருதி அழுத்தம் ஏறிப் பொற்றாசியம் இறங்கும். பல மாதங்களாக இத்தூளை எடுத்திருந்தால் நீங்களும் மானிப்பாய் ஆசிரியையின் நிலையிலேயே இருக்கக்கூடும். ஆகையால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாமல், பொட்டலத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு இந்த வாரமே கிளினிக்குக்குப் போய், காலைக் கோட்டிசோல் அளவைப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.